பயணத்தின் நடுவில் வேன் கூரை சேதமடைந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

மாம்பலத்திலிருந்து:
ஐப்பசி மாதம், திருவண்ணாமலைக்குப் போகும் வழி. செஞ்சியைத் தாண்டியதும் ஊர்ச்சாலை ஒன்றில் வண்டியைத் திருப்பியவன் நான்தான். கிளை தாழ்வாக இருக்கிறது என்று மனைவி எச்சரித்தபோது, போய்விடலாம் என்று சொன்னவனும் நான்தான். புளியங்கிளை கூரை விசிறியின் மூடியைப் பெயர்த்ததோடு, சுற்றியிருந்த ஃபைபரையும் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. டெம்போ டிராவலரை வாங்கியபோது இருந்த உயரமே என் மனத்தில் பதிந்திருந்தது. கேரவனாக மாற்றியபோது மேலே ஏறிய விசிறியும் சோலார் தகடும் அந்தக் கணக்கில் சேரவில்லை. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மெத்தையின் நடுவே அம்மா இட்லிக் குண்டானை ஏந்தியபடி அமர்ந்திருந்தார். டீக்கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பின்புறத்தில் மறைப்பாகக் கட்டியிருந்த காதணி விழா ஃபிளெக்ஸை அவிழ்த்து வந்து, தாமே மேலேறிக் கயிறு கட்டினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். கைகூப்பி வரவேற்கும் யார் வீட்டுத் தாய்மாமன்களையோ கூரையில் சுமந்துகொண்டு சென்னை திரும்பினோம். அன்றைய மழையில் அவருடைய கடைக்குள் எவ்வளவு நீர் புகுந்திருக்கும் என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

பெரம்பூரிலிருந்து:
கிளை மோதினால் ஓட்டை எங்கே என்பதாவது தெரிந்துவிடும். எங்களுக்கு அதுவும் தெரியவில்லை. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயச் சாய, நீர் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் சொட்டியது. அடுத்த வளைவில் யார் நனைவார்கள் என்று என் மகள் முன்கூட்டியே அறிவிக்கத் தொடங்கிவிட்டாள். உண்மையில் நீர் நுழைந்த இடம் பின்பக்க ஏணியின் திருகுத் துளை. அங்கிருந்து கூரைக்கும் உட்பலகைக்கும் இடையே ஓடி, முன் இருக்கைக்கு மேல் இறங்கியிருக்கிறது. வெயிலில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், இரண்டும் சேரும் இடத்தில் நீர் புகாமல் பூசிய சீலன்ட் பசை நாளடைவில் வெடித்துவிடுகிறது என்று மெக்கானிக் சொன்னார். மாம்பலத்து நண்பர் ஃபிளெக்ஸோடு நெடுஞ்சாலையில் வந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அது காற்றில் பிய்த்துக்கொண்டு பின்னால் வருபவரின் முகத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வேளச்சேரியிலிருந்து:
கோவளத்தில் உறங்கிக்கொண்டிருந்தபோது என் வண்டியின் மேல் தென்னை மட்டை விழுந்து கூரை விரிசல் விட்டது. அது கிடக்கட்டும். அவசரத்தில் யாரும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கிவிடாதீர்கள். அது படிந்த பரப்பில் பிறகு பெயின்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது, ஏன், புதிய சிலிக்கானே சரியாக ஒட்டாது. நீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் டேப் ஒரு சுருளும் தார்ப்பாய் ஒன்றும் வண்டியிலேயே இருக்க வேண்டும். பரப்பைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே டேப்பை ஒட்ட வேண்டும். அதுவரை தார்ப்பாய்தான் துணை. பழுது பார்ப்பதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பாகங்களை எறியாமல் வைத்திருங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேரவனாக மாற்றியதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டவர்கள், இழப்பீடு கேட்கும்போது அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்பத்தூரிலிருந்து:
கேட்டது அனுபவம், வேளச்சேரிக்காரர் வகுப்பே எடுத்துவிட்டார். என் வண்டி ரயில்வே சுரங்கப்பாதையின் முகப்பில் இருந்த உயரத் தடுப்பில், கூரை ஏ.சி. சிக்கி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எல்லாச் சக்கரங்களிலும் காற்றை இறக்குமாறு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் யோசனை சொன்னார். காற்று சீறி இறங்க, பின்னால் நின்ற மாநகரப் பேருந்தின் பயணிகள் எல்லாரும் சன்னல் வழியே தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். வண்டி நான்கு விரல் அளவு தாழ்ந்து வெளியே வந்தது. ஏ.சி.யின் மூடி மட்டும் தடுப்பிலேயே தொங்கியது.

மீண்டும் மாம்பலத்திலிருந்து:
பெரம்பூர் நண்பர் கவலைப்பட வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல்தான் வந்தேன். திண்டிவனத்தில் இறங்கிக் கயிற்றை ஒருமுறை இறுக்கவும் செய்தேன். நேற்று வண்டியின் உயரத்தை அளந்ததில் 2.94 மீட்டர் வந்தது. மனைவி அதை ஸ்டியரிங்குக்கு எதிரே மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறார். ஃபிளெக்ஸைக் கழுவி மடித்து வைத்திருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.