மண்டபத்தில் மாமனார் பார்த்தது

எனக்கு வயது 46. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். இரண்டு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போவதுகூட மலையாகத் தெரிந்தது. பிள்ளைகள்மீது எரிந்து விழுந்தேன். பேரேட்டில் ஒரே பக்கத்தை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வந்தது. மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். "தூக்கம் எப்படி?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். "படுத்தவுடன் தூங்கிவிடுவேன்" என்றேன், அதுவும் பெருமையாக!

எட்டு மாதம் மாத்திரை போட்டும் அசதி அசையவில்லை. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவேன். சர்க்கரையோ என்று பார்த்தால் இல்லை. காலையில் தலை கனக்கும், நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும்.

மைத்துனர் கல்யாணத்துக்கு மண்டபத்தில் வரிசையாகப் படுத்திருந்தோம். விடிந்ததும் மாமனார் காபி டம்ளரோடு வந்து, "மாப்பிள்ளை, உங்கள் குறட்டை திடீரென்று நின்றுவிடுகிறது, மூச்சையே காணோம். பயந்துபோய் இரண்டு தடவை உலுக்கினேன்" என்றார். மனைவியிடம் கேட்டால், "அது எப்போதும் அப்படித்தானே" என்கிறாள். பதினைந்து வருடத்தில் அவளுக்குப் பழகிவிட்டிருக்கிறது.

மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனைக்காக ஓர் இரவு தலையிலும் மார்பிலும் வயர்களை ஒட்டித் தூங்கவைத்தார்கள். மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 5-க்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தொட்டாலே கடுமையாம். தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) என்றார்கள். தொண்டை தளர்ந்து காற்றுவழி அடைபடும், ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும். விடிய விடிய இதே கூத்து, எனக்குத்தான் தெரியாது. காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் இயந்திரம் தந்தார்கள். முதல் வாரம் முகமூடியைத் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தேன். இரண்டாம் மாதம் பேரேடு ஒரே தடவையில் ஒத்துப்போனது. மனச்சோர்வு மாத்திரையை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்குக் குறட்டை இல்லை, கால்தான். படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும். இரவு இரண்டு மணிவரை கூடத்தில் நடப்பேன், பகலில் அழுவேன். அம்மா இறந்த துக்கம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதும் கால் இன்னும் மோசமானது. இது ஓய்வற்ற கால் நோய், சில மாத்திரைகள் அதை அப்படி மோசமாக்கும் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தார்: 11, ரொம்பக் குறைவு. இரும்புச்சத்து ஏற ஏற நடை குறைந்தது. அம்மாவின் துக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு அழுதுவிட்டுத் தூங்க முடிகிறது.

அண்ணா, அந்த முகமூடியால் மூக்கில் தழும்பு விழுமா? என் கணவரை அடுத்த வாரம் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.

*

முகமூடியின் வாரை இறுக்கிக் கட்டினால் விழும், தங்கச்சி. அளவு பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.