ஐந்து வார்த்தைக்கு ஐந்து சாந்தீம்

பாரிஸில் போர்த் து வான்வ் பக்கம் சனி, ஞாயிறு காலையில் பழைய சாமான் சந்தை கூடும். ஒன்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வெள்ளிக் கரண்டி, விளக்கு எதுவும் எனக்கு வேண்டாம். செருப்புப் பெட்டிகளில் நிறுத்தி அடுக்கியிருக்கும் நூறு வருடத்துப் படத் தபால் கார்டுகள் போதும். மாவட்ட எண் போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள்: 62 என்றால் பா-த-கலே, 75 என்றால் பாரிஸ்.

முதலில் படத்துக்காகத்தான் வாங்கினேன். அதிலும் 1910 வெள்ளப் படங்கள். அந்த ஜனவரி 28ஆம் தேதி ஓஸ்தெர்லிட்ஸ் பாலத்தில் செய்ன் நதி 8.62 மீட்டருக்கு ஏறியது. தெருவெல்லாம் தண்ணீர், அதன்மேல் பலகைப் பாலம், பலகைமேல் தொப்பி போட்டவர்கள் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். ஊரே மூழ்கினாலும் போட்டோவுக்கு நிற்கும் ஆசை விடாது போலிருக்கிறது! இந்த வெள்ளக் கார்டில் ஒருமுறை 25 யூரோ ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசை பிசகாத புள்ளிகள், அதாவது பின்னாளில் அச்சடித்த நகல். அந்தக் கால போட்டோதைப்பி அச்சில் ஒழுங்கான புள்ளி இருக்காது, பொடிச் சுருக்கம் மாதிரிதான் தெரியும். அன்றிலிருந்து லென்ஸ் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

இன்னொரு நாள் ஒரு கார்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். படத்தின் மேலேயே யாரோ கிறுக்கியிருந்தார்கள். கடைக்காரப் பெரியவர் சிரித்தார். "தம்பி, கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறீங்களா? வயசே அதிலதான் தெரியும்" என்று விளக்கினார். 1903 நவம்பர் வரை கார்டின் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளையில்தான் எழுத வேண்டும், இடம் போதாவிட்டால் வானத்தின் மேலும் எழுதலாம். அதற்குப் பிறகுதான் பின்பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்தார்கள்.

ஸ்டாம்பு விஷயமும் அவர்தான் சொன்னார். கார்டுக்குச் சாதாரணக் கட்டணம் 10 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்). ஐந்து வார்த்தைக்குள் வாழ்த்து எழுதினால், அச்சடித்த தாளுக்கான குறைந்த கட்டணக் கணக்கில் 5 சாந்தீம் போதும். அதனால்தான் பச்சை 5 சாந்தீம் ஸ்டாம்பு ஒட்டிய கார்டுகளில் சேதி அவ்வளவு சிக்கனம்.

இதைக் கேட்டதும் வீட்டில் கிடந்த ஒரு கார்டு ஞாபகத்துக்கு வந்தது. 62ஆம் எண் பெட்டியில் எடுத்தது. 1906 மார்ச் 10, கூரியேர் நிலக்கரிச் சுரங்க விபத்து. நிலத்தடியில் வெடித்து 1,099 பேர் செத்தார்கள். கார்டில் சுரங்க வாசலில் பெண்கள் கூட்டம், சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் கேமரா பக்கம் திரும்பியிருக்கிறாள், முகம் அசைந்து மங்கலாகிவிட்டது. இந்தப் படத்தின் பின்னால் யாரோ எழுதியிருப்பது "போன் பெஸே ஆ வூ தூஸ்", அதாவது உங்கள் எல்லோருக்கும் அன்பு முத்தங்கள். இதென்ன கல்நெஞ்சு என்று ரொம்ப நாள் அந்த ஆள் மேல் கோபம் எனக்கு. அன்று இரவு எடுத்து எண்ணினேன். பிரெஞ்சில் சரியாக ஐந்து வார்த்தை. ஸ்டாம்பு பச்சை. ஒருவேளை அந்த விபத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கும் நிறைய இருந்திருக்கும், 10 சாந்தீம் இல்லாமல் போயிருக்கும்.

விபத்து நடந்து இருபது நாள் கழித்து 13 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்களை வரிசையாக நிற்க வைத்து எடுத்த படமும் கார்டாக விற்றது. 'ரெஸ்காப்பே', தப்பிப் பிழைத்தவர் என்ற அந்த வட்டாரச் சொல் நாடு முழுக்கப் பரவியதும் இவர்களால்தான்.

அப்புறம் 1914. போர்முனைச் சிப்பாய்களுக்குத் தபால் இலவசம், வார்த்தைக் கணக்கும் இல்லை. பக்கம் நிறைய எழுதினார்கள். சோறு, சேறு, பேன், ஊரில் அறுவடை முடிந்ததா என்ற விசாரிப்பு. எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் எழுதக் கூடாது. முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, தபால் பிரிவு எண்தான்.

போன மாதம் அப்படி ஒன்று கிடைத்தது. இடிந்த தேவாலயம், கூரை இல்லை, வாசலில் ஒரு கைவண்டி. படத்தின் கீழே அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், காகிதத்தின் நார்தான் தெரிந்தது. எந்த மாவட்டப் பெட்டியில் போடுவதென்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் எண் போடாத பெட்டி ஒன்று இருக்கும், எதை எடுத்தாலும் ஒரு யூரோ. அதில்தான் கிடந்தது.