வீட்டு கம்ப்யூட்டரில் மற்றவர்களின் ஆவணங்கள்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். அக்கம்பக்கத்தாருக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறேன். அவர்களுடைய பான், ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. பிள்ளைகள் கேம் ஆடுவதும் கொழுந்தனார் படம் பார்ப்பதும் அதில்தான். யார் மேலும் சந்தேகம் இல்லை. ஆனால் நம்பிக் கொடுத்தவர்களின் காகிதம் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது.

விண்டோஸ் 11 ஹோம். ஆளுக்கொரு அக்கவுன்ட் உண்டு. ஆனால் கொழுந்தனாருடையதும் அட்மின் (முழு அதிகாரம் உள்ள அக்கவுன்ட்) என்பதால், 'கன்டினியூ' அழுத்தினால் என் ஃபோல்டர் திறந்துவிடும். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில், மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ட் பெட்டி மங்கலாக இருக்கிறது. ஹோம் பதிப்பில் அது வேலை செய்யாது. 'ஹிட்டன்' ஆக்குவதெல்லாம் பாதுகாப்பே இல்லை.

இப்போது வெராகிரிப்ட் பயன்படுத்துகிறேன் (ஃபைல்களைப் பூட்டி வைத்து, பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவாகத் திறக்கும் மென்பொருள்). மவுன்ட் செய்த, அதாவது அப்படித் திறந்த, டிரைவை மூடாமல் 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்தால் மற்ற அக்கவுன்டிலும் தெரிகிறது. ஸ்கிரீன் லாக் ஆனதும் தானாக டிஸ்மவுன்ட் ஆகும் (டிரைவ் மூடிக்கொள்ளும்) செட்டிங்கை நம்பலாமா? எக்செல் ஃபைல் திறந்திருந்தால் கெட்டுப்போகுமா?

ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் செவன்-ஜிப் மென்பொருளின் பாஸ்வேர்டே போதும் என்கிறார்கள். அதில் திறக்கும் ஃபைல் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் பிரதியாக விழுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இன்னொன்று: கொழுந்தனார் மனம் நோகாமல் அவர் அக்கவுன்டை அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு ஆக்க, வீட்டில் எப்படிப் பேசினீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஜூலை தாக்கல் நெருக்கடிக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும்.