லாப்ரடார் நாயின் ரத்தப் பரிசோதனை: விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லாப்ரடார் மணிக்கு 9 வயது, எடை 39 கிலோ. உணவைக் குறைத்தும் எடை இறங்கவில்லை. வாலின் மேற்புறத்தில் முடி உதிர்ந்து தோல் கருத்துத் தெரிகிறது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கிறான்.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 412, டிரைகிளிசரைடு 290, ஏ.எல்.பி. (கல்லீரல் முதலியவற்றிலிருந்து வரும் ஒரு நொதி) 380 என வந்துள்ளன. சர்க்கரை 96தான், ஆகவே நீரிழிவு இல்லை என்கிறார் மருத்துவர். மொத்த டி4 (தைராய்டு ஹார்மோன்) அளவு 0.8 என்று குறைவாக இருப்பதால் தைராய்டு மாத்திரையைத் தொடங்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் உடலில் வேறு நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் கொடுத்திருந்தாலும் இந்த அளவு இறங்கக்கூடும் என்பதால், இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி ஆயுள் முழுவதும் தர வேண்டிய மருந்தைத் தொடங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏ.எல்.பி. குஷிங் நோயிலும் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுதியாவது) உயரும். எனினும் அந்நோயில் பொதுவாகக் காண்பதுபோல் மணி வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இல்லை. எனவே ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு இணையாத டி4), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இரண்டையும் முதலில் பார்ப்பது போதுமா, குஷிங் பரிசோதனையையும் இப்போதே செய்துவிட வேண்டுமா? குழுவிலுள்ள கால்நடை மருத்துவர்களும், தங்கள் நாய்க்கு இதே நிலை வந்து சிகிச்சை அளித்தவர்களும் அன்புகூர்ந்து வழிகாட்டுங்கள்.