ரேடியேட்டருக்குள் மஞ்சள்பொடி: பழைய பிக்கப் ஒன்றோடு பட்ட பாடு

பழைய வண்டியில் கெட்டுப்போன பாகத்தை எப்படியும் கண்டுபிடித்து மாற்றிவிடலாம். நமக்கு முன்னால் கைவைத்தவர்கள் செய்துவைத்த அவசர வைத்தியங்களைக் கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். என் பிக்கப்பில் நான் பார்த்த எஞ்சின் வேலையில் முக்கால்வாசி அந்த ரகம். எஞ்சின் சூடு பற்றி இங்கே பலரும் கேட்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 2008 மாடல். நாலு சிலிண்டர் டீசல், இரண்டரை லிட்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் பம்ப். கம்பெனிப் பெயர் வேண்டாம், குறை அவர்களுடையது இல்லை. ராதாபுரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம் வாங்கினேன். எனக்குக் களக்காடு பக்கம் வாழை. தாரை ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவி, பேட்டை வழியாக விடியுமுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏத்தன் (நேந்திரன்) தார் என்றால் சில சமயம் வள்ளியூர், காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் வரைக்கும் ஓட்டம் இருக்கும்.

டவுன் ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாத நாகர்கோவில் லோடில்தான் வண்டியின் வேஷம் கலைந்தது. பணகுடி தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். காற்றாலைக்காரர்களுக்கு அது வருமானம். உயரமாகத் தார் அடுக்கிய வண்டிக்கோ ஏற்றாமல் ஏறிய லோடு. கியரைக் குறைத்துப் போட்டும் இழுக்கவில்லை, சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டது. முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் பக்கம் ஓரங்கட்டினேன். மற்ற வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போக நிறுத்தியிருந்தார்கள், நான் ஆவி அடங்க நிறுத்தினேன்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய்விடும், மொத்தமும் கொதித்து முகத்துக்குத்தான் வரும்.

மறுநாள் காலை எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது மூடியைக் கழற்றி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். நிற்காமல் குமிழி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் அதிகம். மூடியைப் போட்டு ஓடவிட்டால், எஞ்சின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டது. தண்ணீர் சூடாகாமலே அழுத்தம் வருகிறது என்றால் சிலிண்டரில் எரிகிற வாயு ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கிற தகடு) தாண்டித் தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று பொருள். அந்த வாயு தண்ணீரை ஓவர்ஃப்ளோ டப்பாவுக்குத் தள்ளி வெளியேற்றிவிடும். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது அதனால்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகவே இருந்தது. ஆயில் வெளுத்து மோராக வந்தால்தான் கேஸ்கெட் போனது என்று நம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

பட்டறையில் கேட்டேன். ஏற்கெனவே வரிசை நின்றது. தார் வெட்டுக்கு வந்து நிற்கிறது. சரி, ஹெட்டை நாமே இறக்கிவிடலாம் என்று வீட்டு வேப்பமரத்தடியில் ஆரம்பித்தேன். சித்தப்பா மகன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன், அவன் கூட இருந்தான்.

ஹெட் வரைக்கும் போகவே இல்லை, தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டிலேயே மாட்டிக்கொண்டோம். ஒரு போல்ட் அசைய மறுத்தது. பதமாகத்தான் திருப்பினான், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், சுற்றிலும் பல வருஷமாக உப்புத் தண்ணீர். இரண்டும் அரித்து ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். வைஸ்கிரிப் போட்டோம், வழுக்கியது. துளை போட்டு எடுக்கலாம் என்றால் ரேடியேட்டர் இடிக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றினால் அதன் கீழ் போல்ட்டும் அதே கதி. கடைசியில் ஏர்வாடியிலிருந்து வந்த வெல்டிங் பையன் உடைந்த முனைமேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தான். அந்தச் சூட்டில் பிடி இளகியது. ஸ்பேனர் போட்டதும் முனகிக்கொண்டே சுற்றி வந்தது. அந்த ஒரு போல்ட் தின்ற நேரத்தில் ஹெட்டை இறக்கி ஏற்றியிருக்கலாம்.

கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை!

“யாரோ புண்ணியவான் கழத்திப் போட்டுட்டான்ணே. சூடான வண்டியா, மொத வேலையா இதத்தான் செய்வாங்க” என்றான் தம்பி.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது. இந்த எஞ்சினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் நேரே தண்ணீர்ப் பம்புக்குத் திரும்ப ஒரு பைபாஸ் வழி உண்டு. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்கும்போது அதன் அடித்தட்டு கீழிறங்கி அந்த பைபாஸை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் பைபாஸை அடைக்க ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். லோடு இல்லாதபோது சமாளித்துக்கொள்ளும், லோடு ஏறியதும் காட்டிக்கொடுக்கும். புதிதாக வாங்கியதை வீட்டு அடுப்பில் சட்டித் தண்ணீரில் போட்டு, தெர்மோமீட்டர் வைத்துத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டினேன். சட்டிக்காக வாங்கிய ஏச்சு தனிக்கதை.

ரேடியேட்டரைக் கவிழ்த்தபோது அடுத்த கூத்து. உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் கட்டி கட்டியாக விழுந்தது. மோந்து பார்த்தேன், மஞ்சள்பொடியேதான். ரேடியேட்டர் ஒழுகினால் வழியில் அதைக் கொட்டி ஓட்டிக்கொண்டு வருவது ஓட்டுநர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம். வீடு வந்து சேர உதவும், மறுக்கவில்லை. வந்து சேர்ந்த பிறகு கழுவி எடுத்து ஒழுக்கை அடைக்க வேண்டாமா? மஞ்சளுக்கு மேல் போர்த் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு வேறு. அது சூட்டைக் கடத்தாது. ரேடியேட்டர் கடைக்காரர் மேல் டேங்க்கின் பற்றைச் சூடேற்றிப் பிரித்துக் காட்டினார். குழாய்களில் பாதி அடைப்பு. ராடு விட்டுத் தள்ளிச் சுத்தம் செய்து கொடுத்தார். செம்பு ரேடியேட்டர் என்பதால் முடிந்தது, இப்போதைய அலுமினிய, பிளாஸ்டிக் வகை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஹெட் இறங்கியது. வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளை அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்திவைத்தோம். கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அது பிதுங்கி ஒரு தண்ணீர்த் துளையைப் பாதி மூடியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் கருகி வழி விட்டிருந்தது. ஹெட்டின் மேல் நேர்சட்டம் வைத்துப் பார்த்தால் அதே இடத்தில் 0.10 மில்லிமீட்டர் ஃபில்லர் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைகிறது. லேத்துக்குக் கொண்டுபோய் முதலில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட், அப்புறம் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்குவது). இந்த வரிசை முக்கியம், விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டுக் காசைக் கரைக்கக் கூடாது.

கேஸ்கெட் வாங்குவதிலும் ஒரு சண்டை. இந்த மாதிரி டீசலில் பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில்தான் கேஸ்கெட் போட வேண்டும். தடிமனைக் காட்ட ஓரத்தில் வெட்டோ துளையோ இருக்கும். கடையில் “எல்லாம் ஒண்ணுதான் தம்பி, போடும்” என்று ஒன்றை நீட்டினார்கள். நாங்கள் அளந்து வைத்திருந்ததற்கு அது இல்லை. பிடிவாதமாக நின்று சரியானதை வாங்கினேன்.

ஏற்றும்போது போல்ட் குழிகளைப் பாருங்கள். அடியில் ஆயிலும் தண்ணீரும் தேங்கியிருக்கும். அப்படியே முறுக்கினால் திரவம் நசுங்காது. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) கிளிக் சொல்லும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது, பிளாக்கே விரிசல் விட்டாலும் விடும். ஆட்டுக்கு மருந்து புகட்டுகிற சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தோம். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக முறுக்கினோம். டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்து ஸ்டார்ட் செய்தால் சத்தம் சுத்தம். குமிழியும் இல்லை.

ஆனாலும் சூடு ஏறியது! இந்தத் தடவை உள்ளே மாட்டிய காற்று. குளத்துக்கரைச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதும் காற்று வெளியேறித் தண்ணீர் மட்டம் கீழிறங்கியது. நிரப்பினேன், அதோடு அந்தத் தொல்லை விட்டது.

இப்போது நிலைமை: நாகர்கோவில் லோடில் ஊசி பாதியைத் தாண்டுவதில்லை. நயினார்குளம் மார்க்கெட் வாசலில் வரிசையில் நிற்கும்போது மட்டும் மெல்ல ஏறுகிறது. பெல்ட் இறுக்கம் சரி, ஃபேன் சுற்றுகிறது, தண்ணீர் குறையவில்லை. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ரேடியேட்டருக்கு வெளிப்பக்கம் பார்த்தீர்களா? நான் பிசான அறுவடையில் வைக்கோல் கட்டு ஏற்றுகிறவன். ஒரு வருஷம் இதே மாதிரி நின்றால் சூடு. உள்ளே எல்லாம் புதுசாக மாற்றித் தீர்ந்த பிறகுதான் கவனித்தேன், ரேடியேட்டரின் சன்னத் தகடுகளுக்கு இடையில் தூசும் சண்டும் ஆயிலோடு சேர்ந்து மெழுகிக் கிடந்தது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். முன்னாலிருந்து பீய்ச்சினால் இன்னும் உள்ளேதான் போகும். பிரஷரையும் குறைத்து வைக்கணும், இல்லையென்றால் தகடு மடங்கிவிடும்.

அதுவும் இல்லை என்றால் ஃபேனைச் சுற்றிக் கூடு இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வரும், கூடு இல்லாத குறை தெரியாது. நிற்கும்போது ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

திசையன்விளையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணியை வண்டிக்கு ஊற்றுகிறவனுக்கு வண்டிமேல் என்ன கோபமோ! தேரிக்காட்டு ஓரத்தில் சில கிணறு நல்ல தண்ணி, நாலு வயல் தள்ளி வாயில் வைக்க முடியாது. நான் பேட்டரித் தண்ணி விற்கிற கடையிலேயே சுத்தத் தண்ணி கேன் வாங்கிக் கூலன்ட்டோடு சரிபாதி கலக்கிறேன். கொதிநிலையும் கூடும், துருவும் பிடிக்காது. கூலன்ட் இனிப்பாக இருக்கும் என்பதால் ஆடு, நாய் நக்கிவிடும், அது விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த சட்டியில் வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. என் வண்டி அது இல்லாமல்தான் வருஷக்கணக்கில் முருங்கைக்காய் ஏற்றுகிறது.

பதிவு எழுதியவரின் பதில்:

திசையன்விளைக்காரருக்கு: உங்கள் எஞ்சினில் பைபாஸை அடைக்கும் வேலை தெர்மோஸ்டாட்டிடம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் சூடு ஏறாது. ஆனால் எஞ்சின் எப்போதும் போதிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். அடுத்து மூடும்போது ஒன்று மாட்டிப் பாருங்கள்.

அம்பை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதுதான் சரி. ரேடியேட்டர் சட்டத்தில் நாலு போல்ட் ஓட்டை சும்மா கிடந்தது, எதற்கென்று புரியாமல்தான் இருந்தேன். வண்டியை விற்ற அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“ஃபேன் கூடா? அது ஓரம் ஒடஞ்சு ஃபேன்ல ஒரசிச்சின்னு கழத்திட்டாவ. நம்ம முருங்கக்கன்ன ஆடு கடிக்குன்னு சுத்தி வச்சேன்லா, அங்கதான் கெடக்கு. வந்து எடுத்துக்கிடும்.”

போய்ப் பார்த்தேன். கன்று மரமாகிவிட்டது. கிளை விரிந்து, கூடு அடிமரத்தோடு நிற்கிறது. மரத்தை வெட்டினால்தான் கழற்ற முடியும். காய்க்கிற மரத்தை வெட்ட அண்ணாச்சி சம்மதிப்பாரா, நானும் கேட்கவில்லை. ஒரு கட்டு காய் கொடுத்தனுப்பினார். பழைய பாகம் விற்கிற கடையில் வேறு கூடு கிடைத்தது. ஓட்டை இரண்டு பொருந்தவில்லை, பட்டைத் தகடு வைத்துப் பிடித்திருக்கிறோம். நேற்று நயினார்குளத்தில் வரிசை நகரவே இல்லை, ஊசியும் நகரவில்லை.