தாமரை இலை மாதிரி அழுக்கு ஒட்டாத பெயிண்ட் வீட்டுச் சுவருக்கு நிஜமாகவே உதவுமா?

காவிரிக்கரை:
வீடு கும்பகோணத்தில். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வடக்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கோடு, பச்சைப் பாசி. பெயிண்ட் அடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இப்போது கடையில் தாமரை இலைத் தொழில்நுட்பம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், விலை அதிகம். வாங்கலாமா?

தாவரவியல் டீச்சர்:
தொழில்நுட்பம் உண்மைதான். தாமரை இலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள், அவற்றின் மேல் அதைவிடப் பொடியான மெழுகுக் குழல்கள். தண்ணீர் அந்த முனைகளில் மட்டுமே உட்காரும், அடியில் காற்று இருக்கும். அதனால்தான் துளி உருண்டையாக நின்று, உருளும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை விளக்கி 1997-இல் கட்டுரை எழுதினார், 1999-இல் லோட்டுசான் என்ற வெளிச்சுவர் பெயிண்ட் அங்கே வந்தது. ஆனால் ஒன்று, இலை உயிரோடு இருக்கிறது, மெழுகு தேய்ந்தால் மறுபடி சுரந்துகொள்ளும். பெயிண்டால் அது முடியாது.

கட்டடக்காரன்:
டீச்சர் சொன்னதில் "உருளும்போது" என்பதுதான் முக்கியம். மழை நேராகப் படுகிற சுவர்தான் கழுவப்படும். சன்ஷேடுக்கு அடியில் மழை படாது, மேலே தேங்கிய அழுக்குத் தண்ணீர்தான் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக வந்து சுவரில் வழியும். உங்கள் கறுப்புக் கோடு அதுவாகத்தான் இருக்கும். சன்ஷேடின் அடியில், வெளி விளிம்பை ஒட்டித் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளமான சின்னப் பள்ளம்) விட்டிருக்கிறார்களா, பாருங்கள். இல்லையென்றால் எந்தப் பெயிண்டும் வீண் செலவு.

காவிரிக்கரை:
இப்போதுதான் ஏணி போட்டுப் பார்த்தேன், காடியே இல்லை. மாடி ஜன்னல் கண்ணாடியும் எப்போதும் மங்கலாக இருக்கிறது சார், தானே சுத்தமாகும் கண்ணாடி என்கிறார்களே, அதுவும் இதே தாமரை முறையா?

தாவரவியல் டீச்சர்:
இல்லை, நேர் எதிர். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாக இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி உயிர்ப்பொருள் அழுக்கைச் சிதைக்கும், அப்புறம் தண்ணீர் துளியாக நிற்காமல் விரிப்பு மாதிரி பரவி அழுக்கை இழுத்துப் போகும். பில்கிங்டன் நிறுவனம் 2001-இல் இப்படி ஒரு கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரோமில் 2003-இல் திறந்த ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளை கான்கிரீட்டிலும் இதே பொருளைத்தான் கலந்தார்கள். வெயிலும் மழையும் படாத இடத்தில் இதுவும் வேலை செய்யாது.

கட்டடக்காரன்:
முதலில் காடி வெட்டுங்கள், சன்ஷேடு மேல் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்யுங்கள். பாசியைக் கொல்லும் மருந்து அடித்து, கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர். உள்ளே குழாய்க் கசிவு இருந்தால் அதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். விலை அதிகமான பெயிண்ட் வேண்டுமென்றால் மழை நேரடியாக அடிக்கிற சுவருக்கு மட்டும் வாங்குங்கள், சன்ஷேடுக்கு அடியில் பூஞ்சை தடுக்கிற நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷனே போதும்.