சீஸ் கஞ்ச் குருத்வாரா: மத உரிமைக்கான தியாகமா, மொகலாய அரசியலா?

யாத்ரீகன்: டெல்லி சாந்தினி சவுக்கில் உள்ள சீஸ் கஞ்ச், ஒன்பதாம் சீக்கிய குரு தேக் பகதூரை 1675 நவம்பரில் தலை வெட்டிய இடம். கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சி ஆனந்த்பூர் வந்து முறையிட்ட காஷ்மீர் பண்டிதர்களுக்காக உயிர் கொடுத்தார். முஸ்லிம் அல்லாதவர் மீது ஜிஸியா வரி போட்ட மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

பழஞ்சுவடி: ஜிஸியா திரும்ப வந்தது 1679-ல். நாலு வருஷம் பிந்திய வரியை இதில் இழுக்காதீர்கள். அந்த நவம்பரில் ஔரங்கசீப் டெல்லியிலேயே இல்லை. ஆப்கானியர் கலகத்தை அடக்க 1674-ல் ஹசன் அப்தால் பக்கம் போனவர், 1676-ல்தான் திரும்பினார். ஹாஃபிஸ் ஆதம் என்பவரோடு சேர்ந்து குரு பஞ்சாபில் கொள்ளையடித்தார் என்று பாரசீக நூல் 'சியார்-உல்-முதாகரின்' சொல்கிறது. சட்டம் ஒழுங்கு விவகாரம், அவ்வளவுதான்.

சட்லெஜ்: அந்த நூல் 1780-களில் எழுதியது. அந்த ஹாஃபிஸ் ஆதம், சூஃபி ஞானி ஆதம் பனூரி என்றால், ஷாஜகான் காலத்திலேயே மதீனாவில் செத்துப்போனவர்! செத்தவரோடு கூட்டணியா? 'பச்சித்தர் நாடக்' என்ற தன்வரலாற்றுப் பாடல் குருவின் மகன் கோவிந்த் சிங் பெயரில் உள்ளது. திலகத்தையும் பூணூலையும் காத்தார் என்று நேரடியாகச் சொல்கிறது. பேரரசர் ஊரில் இல்லாததும் வாதமே இல்லை. அதே பாடல் பழியை டெல்லி அதிபதி தலையில்தான் உடைக்கிறது.

பழஞ்சுவடி: அந்தப் பாடலில் காஷ்மீர் எங்கே? அதை எழுதியவர் யாரென்பதிலும் சீக்கிய அறிஞர்களுக்குள்ளேயே சண்டை.

சட்லெஜ்: காஷ்மீர் இல்லை, சரி. ஆனால் பூணூல் யாருடையது? குரு நானக் வேண்டாமென்று ஒதுக்கியதல்லவா! தனக்குத் தேவையில்லாத சின்னத்தை அடுத்தவன் அணியும் உரிமைக்காகச் செத்ததாகச் சொல்வதில்தான் கனம். ஜிஸியா, காஷ்மீர் எல்லாம் இரண்டாம்பட்சம்.

பழஞ்சுவடி: இடமாவது உறுதியா? சீக்கியத் தளபதி பாகேல் சிங் 1783-ல் டெல்லியைப் பிடித்த பிறகுதான் இங்கே குருத்வாரா எழும்பியது. இடையில் 108 வருஷம்.

சட்லெஜ்: குருவைச் சிறை வைத்த கோத்வாலி, அதாவது மொகலாயக் காவல் நிலையம், பக்கத்திலேயே இருந்தது. மொகலாயர் போயும் அது காவல் நிலையமாகத் தொடர்ந்தது. ஓர் ஆலமரத்தடியில் வெட்டினார்கள் என்பது மரபு. அதன் அடிமரம் என்று உள்ளே வைத்திருப்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். கோத்வாலிக்கு முன்னால் என்பதற்குத் தருவேன். உடலைத் தகனம் செய்த இடம் வேறு. லக்கி ஷா வஞ்சாரா என்ற வணிகர் அதை ரைசினா கிராமத்துக்குக் கொண்டுபோய், தன் வீட்டோடு எரித்தார். அதுதான் இன்று நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள ரகாப் கஞ்ச் குருத்வாரா.